வாக்கில்லாப் பிள்ளைகளுக்கு வரவு செலவில் பங்கில்லையா?

ஆண்டுதோறும் பனி கழிந்து வெயில் ஏறுவதற்குள் தில்லியிலும் சென்னையிலும் வரவு செலவுத் திட்டங்கள் படிக்கப்பெறுகின்றன. படிக்கும் அமைச்சர் மணிக்கணக்கில் படிக்கின்றார், மேசைகள் தட்டப்பெறுகின்றன, எதிர்வரிசையினர் வெளிநடப்புச் செய்கின்றனர். மறுநாள் செய்தித் தாள்கள், விலை ஏறுவது எது, இறங்குவது எது என்று கட்டம் போட்டுக் காட்டுகின்றன. வணிகர் தமக்கு வந்தது என்ன என்று புரட்டிப் பார்க்கின்றனர். ஆலை முதலாளிகள் வரி குறைந்ததா என்று நோக்குகின்றனர். அரசுப் பணியாளர் அகவிலைப் படியைத் தேடுகின்றனர். அவரவர்க்கும் சங்கம் உண்டு, கொடி உண்டு, யாவற்றிற்கும் மேலாகக் கையில் வாக்குச் சீட்டு உண்டு.

படிக்கத் தெரியாத, கேட்கத் தெரியாத, தெருவில் இறங்கி முழங்கத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் மட்டும் அந்நாளிலும் மண்ணில் விளையாடிக்கொண்டோ பசித்து அழுதுகொண்டோ கிடக்கின்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஒன்றியத்தில் பதினெட்டு அகவை நிரம்பாதார் 47 கோடிப் பேர். நூற்றுக்கு 39 பேர். இத்துணைப் பெருந்தொகையினர்க்குத் தேர்தலில் ஒரு வாக்கும் இல்லை. வாக்கில்லாத கரணியத்தாலேயே அவர்தம் வயிற்றுக்கும் மூளைக்கும் உரிய பங்கும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர், எதிர்ப்படும் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டுப் படமெடுத்துக் கொள்கின்றார். வென்று மன்றத்தினுள் நுழைந்ததும் அக்குழந்தையை மறந்துவிடுகின்றார். சட்டமன்றங்களில் அமர்ந்திருப்போர் இவ்விழிவை உணர வேண்டும். உணராதாரை உணர்த்த வேண்டும்.

நூற்றுக்கு இரண்டரையும் தேறாத பங்கு

தில்லி அரசு 2008-09 முதல் தன் வரவு செலவு ஏடுகளோடு, குழந்தைகளின் நலத்துக்கென ஒதுக்கிய தொகை இவ்வளவு எனத் தனியறிக்கை ஒன்றை வைத்து வருகின்றது. கல்வி, உணவு, நலம், காப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். அவ்வறிக்கையின்படி, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்குக்கு மேல் இருந்த குழந்தைகளின் பங்கு, 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று திட்டங்களிலும் நூற்றுக்கு இரண்டரைக்கும் கீழே இறங்கிவிட்டது. மக்களுள் நூற்றுக்கு 39 பேர். பொருளில் நூற்றுக்கு இரண்டரையும் இல்லை. ஒரு குடும்பத்தலைவன் தன் வருவாயை இவ்வாறு பகிர்ந்தளித்தானாயின் ஊர் அவனைக் காறி உமிழும். நாட்டை ஆள்வோர் செய்தால் அதற்குப் பெயர் பொருளியல் வளர்ச்சி!

பணம் இல்லை என்பது ஆள்வோர் வாயில் ஆயத்தமாக இருக்கும் விடை. உண்மையில் பணம் இல்லையா? 2019-ஆம் ஆண்டு செப்தம்பர் 20-ஆம் நாள், ஒரே நாளில், பெருங்குழுமங்களின் வரியை நூற்றுக்கு 30-லிருந்து 22 ஆகக் குறைப்பதாகத் தில்லி அறிவித்தது. அதனால் அரசு இழக்கும் தொகை ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா என்று அறிவித்தவரும் அவ்வரசின் பொருளமைச்சரே. அத்தொகையை 47 கோடிப் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 3,000 உருபாவிற்கு மேல் வரும்.

இனிப் பள்ளிப் பிள்ளையின் பகலுணவைப் பார்க்க. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு அரிசி நீங்கலாகப் பருப்பு, காய்கறி, எண்ணெய், விறகு ஆகியவற்றிற்கென 2025 மே முதல் நாள் தொட்டு வரையறுத்த தொகை, நாளொன்றுக்கு 6 உருபா 78 காசு. அதற்கு முன் 6 உருபா 19 காசு. 2024 திசம்பருக்கு முன் 5 உருபா 45 காசு. இதிலும் தில்லியின் பங்கு ஐந்தில் மூன்றே. எஞ்சியது மாநிலத்தின் தலையில். ஆண்டுக்கு 220 பள்ளி நாள் என்று கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஓராண்டிற்கு ஆகும் செலவு 1,500 உருபாவுக்குள் அடங்கிவிடும். பெருமுதலாளிகளுக்கு ஒரே நாளில் விட்டுக்கொடுத்த ஓராண்டு வரி, இந்த ஒன்றியத்தின் அத்தனைப் பிள்ளைகளுக்கும் ஈராண்டுக் காலம் இதே அளவில் கறியும் குழம்பும் ஆக்கிப் போடப் போதுமான தொகை! முதலாளிக்குக் கோடிகளை விட்டுக்கொடுக்கும்போது நடுங்காத கை, பிள்ளையின் குழம்பிற்கு ஐம்பத்தொன்பது காசு கூட்டித்தர மட்டும் கணக்குப் பார்க்கின்றது.

பள்ளி சேரும் முன்னைய பருவத்து மழலைகளின் நிலை இதனினும் இழிவானது. மக்கள் 'பால்வாடி' என்றும், அரசு 'அங்கன்வாடி' என்றும் வழங்கும் குழந்தை நல நடுவங்களில், ஆறு அகவைக்கு உட்பட்ட குழந்தையின் ஊட்ட உணவுக்கென 2017-இல் தில்லி வரையறுத்த தொகை நாளொன்றுக்கு 8 உருபா. கடும் நலிவுற்ற குழந்தைக்கு 12 உருபா. அதிலும் பாதியே தில்லி தருவது. ஏழாண்டு கழிந்த பின்னும் அந்த எட்டு எட்டாகவே நின்றது. இந்த ஏழாண்டில் பருப்பு விலை நின்றதா? எண்ணெய் விலை நின்றதா? மன்ற உறுப்பினர்களின் ஊதியமும் படிகளும் நின்றனவா? ஒரு முட்டை வாங்கிவிட்டால் அந்த எட்டில் எஞ்சுவது ஒரு கைப்பிடிக் கீரைக்கும் காணாது.

இந்தக் கஞ்சத்தனத்தின் விளைவு குழந்தைகளின் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றது. 2019-21-இல் எடுக்கப்பெற்ற ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஐந்து அகவைக்கு உட்பட்டாருள் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் அகவைக்கேற்ற உயரமின்றிக் குறுகிப்போயினர் என்று கூறுகின்றது. ஆறு திங்கள் முதல் ஐந்து அகவை வரையிலான குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் குருதிச் சோகை உற்றவர். குறுகிப்போதல் என்பது உயரம் குன்றுவது மட்டும் அன்று. மாந்த மூளையின் வளர்ச்சி பெரும்பாலும் ஆறு அகவைக்குள் முடிந்துவிடுகின்றது. அக்காலத்தில் இரும்பும் புரதமும் கிட்டாத குழந்தை, பின்னர்ப் பள்ளியில் அமரும்போது கருத்தூன்ற இயலாமல் தூங்கி வழிகின்றது. அதனை 'மக்கு' என்று பெயரிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைக்கின்றனர். அக்குழந்தையை மக்காக்கியது பிறப்பன்று. எட்டு உருபாவில் நிறுத்திய ஆட்சியே.

ஓரணாவில் தொடங்கிய அறம்

பிள்ளைக்குச் சோறிட்டுக் கல்வி தரும் இவ்வறத்தைத் தமிழர்க்கு வேறு எவரும் வந்து கற்பிக்கவில்லை. பிள்ளையைப் பெறுவது, சான்றோனாக்குவது, படைக்கலம் வடித்துத் தருவது, நல்லொழுக்கம் நல்குவது என ஒரு பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடமைகளைப் பகிர்ந்து பாடியவர் கழகக் காலத்துப் பொன்முடியார். பெற்றோரோடு பிள்ளையின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. ஆள்வோனுக்கும் அதில் கடன் உண்டு என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் எழுந்த கருத்து.

அக்கருத்து இக்காலத்தில் செயல் வடிவம் கொண்டதும் இம்மண்ணில்தான். 1920-ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்களில், நயன்மைக் கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராய் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஓரணாவிற்கு மிகாமல் சிற்றுண்டி தருவதென முடிவு செய்யப்பெற்றது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. பசியாறிய பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். ஆனால் வெள்ளை அரசு என்ன செய்தது? தொடக்கக் கல்விக்கென உள்ள பணத்தைப் பிள்ளைகளின் வயிற்றுக்குச் செலவிடுதல் கூடாது என்று தடுத்தது. 1925 ஏப்பிரல் முதல் நாளோடு அத்திட்டம் நின்றது. கல்வி வேறு, வயிறு வேறு என்று கருதிய அயலவனுக்கு, பசித்த பிள்ளை படிக்காது என்பது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் அதுபற்றி அவன் கவலையுறவில்லை.

விடுதலைக்குப் பின் 1956-இல் காமராசர் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 சூலை முதல் நாள் ம. கோ. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சி அதில் முட்டையைச் சேர்த்தது. 2022 செப்தம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, 2023 ஆகத்து 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் யாவற்றிற்கும், 2024-இல் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிக்கப்பெற்றது. கட்சிகள் மாறின; கொடிகள் மாறின; இவ்வறம் மட்டும் மாறவில்லை. தில்லி அரசு பள்ளி உணவுக்கென ஒரு திட்டம் வகுத்ததோ 1995-இல்தான். அதிலும் சமைத்த உணவை விடுத்துப் பல மாநிலங்கள் தவசத்தை மட்டும் அளந்து கொடுத்து வந்தன. 2001 நவம்பர் 28-இல் உச்சநய மன்றம், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவையே தரவேண்டும் என ஆணையிட்ட பின்னரே அவை வழிக்கு வந்தன. காமராசர் செய்ததை ஒன்றியத்தின் பிற பகுதிகள் செய்ய நாற்பத்தைந்து ஆண்டும் ஒரு வழக்கும் வேண்டியிருந்தன.

இவற்றையெல்லாம் 'இலவசம்' என்று இழித்துரைப்போர் இன்றும் உளர். வரி செலுத்துவோரின் பணத்தைச் சோறாக்கி வாக்கு வாங்குகின்றனர் என்பது அவர்தம் கூற்று. அவ்வாறு கூறுவோர், குழுமங்களின் வரியைக் குறைக்கும்போது அதனை இலவசம் என்று கூறக் கேட்டவர் உண்டா? பிள்ளைக்கு இடும் சோறு இலவசம். முதலாளிக்கு விடும் வரி ஊக்கமா? பெற்றோர் வாங்கும் ஒவ்வொரு தீப்பெட்டியிலும் உப்புப் பொட்டலத்தை ஏற்றிவரும் ஊர்தியின் எண்ணெயிலும் வரி அடங்கியிருக்கின்றது. அவ்வரியில் பிள்ளைக்குப் பங்கு கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

அன்று வெள்ளையன், இன்று தில்லி

1925-இல் வெள்ளையன் செய்ததைத் தொண்ணூற்றொன்பது ஆண்டு கழித்துத் தில்லி திரும்பச் செய்தது. 'சமக்கிர சிக்சா' என்னும், தமிழ்ப்பிள்ளை எவர் வாயிலும் நுழையாத பெயரையுடைய பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு வரவேண்டிய 2,152 கோடி உருபா தரப்படவில்லை. கரணியம் என்ன? தமிழ்நாடு கணக்குக் காட்டவில்லையா? பள்ளிகளை நடத்தவில்லையா? 'பி. எம். சிறீ' என்னும் வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதே கரணியம். அதில் கையெழுத்திட்டால் மும்மொழித் திணிப்பை உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும். 1968-இல் சட்டமன்றத்தில் முடிவு செய்து இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாடு அதற்கு இணங்கவில்லை. இணங்காமைக்குத் தண்டம் யாருக்கு? அமைச்சர்க்கா? கட்சிகளுக்கா? இல்லை, எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைகளுக்கு! ஊனமுற்ற பிள்ளைகளின் சிறப்புப் பயிற்சிக்கும் ஆசிரியர் ஊதியத்திற்கும் உரிய பணம் அது. 2025 மே திங்களில் தமிழ்நாட்டு அரசு உச்சநய மன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. பணம் வரவில்லை என்பதைக் காட்டித் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குரிய 25 விழுக்காட்டு இடங்களின் சேர்க்கையும் 2025-26-இல் காலந்தாழ்ந்தது. ஒரு மொழியைத் திணிப்பதற்குக் குழந்தைகளின் படிப்பைப் பணயமாக வைக்கும் ஓர் ஆட்சி, குழந்தைகள் நாளைத் திசைதோறும் கொண்டாடுவதில் என்ன பொருள் உண்டு?

கல்வி மாநிலங்களின் பொறுப்பு, தில்லியின் ஒதுக்கீடு குறைவாகத்தான் இருக்கும் என்று சிலர் அமைதி கூறுவர். அஃது உண்மையாயின், நெருக்கடி நிலையின்போது 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பறித்துப் பொதுப் பட்டியலில் சேர்த்தது எதற்கு? அதிகாரத்தைப் பங்கிடும்போது கல்வி தில்லிக்கும் உரியது. செலவைப் பங்கிடும்போது மாநிலத்திற்கே உரியதா? 2018 முதல் வருமான வரியின்மேல் கல்விக்கும் நலத்திற்கும் எனத் தனியே 4 விழுக்காட்டுத் தீர்வை தண்டப்பெறுகின்றது. மற்ற வரிகளைப்போல் அதனை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்பதால், தமிழ்நாட்டார் செலுத்தும் கல்வித் தீர்வையும் தில்லிப் பேழைக்கே போய்ச் சேர்கின்றது. கல்வியின் பெயரால் வாங்குவர். கல்விக்குக் கேட்டால் கையெழுத்துக் கேட்பர்.

நாட்டு வருவாயில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966-இல் கூறியது. 1968-இன் கொள்கை அதனை ஏற்றது. 1986-இன் கொள்கை அதனையே மீண்டும் கூறியது. 2020-இன் கொள்கையும் அதே ஆறினை எழுதிவைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாளில் மட்டும் இருக்கும் அந்த ஆறினை ஒருமுறையேனும் எட்டாதவர்கள், தமிழ்நாட்டிற்குக் கொள்கை கற்பிக்க வருகின்றனர்.

'செய்யலாம்' என்னும் ஒரு சொல்

சட்டம் வகுப்போர் சொல்லில் ஒளிந்துகொள்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பத்தாண்டுக்குள் பதினான்கு அகவை வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று கூறிற்று. பத்தாண்டு 1960-இல் முடிந்தது. அப்பிரிவில் 'பிள்ளைகள்' என்றுதான் இருந்தது. ஆறு அகவை என்னும் கீழெல்லை இல்லை. 2002-இல் 86-ஆம் திருத்தம் வந்தது. அதனை ஒட்டிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் முதல் நாள் செயற்பட்டது. ஐம்பதாண்டுக் காலத் தாழ்ச்சிக்குப் பின் கிட்டிய அவ்வுரிமையும் ஆறு முதல் பதினான்கு வரையிலாருக்கே. மூளை வளரும் முதல் ஆறாண்டுப் பருவம் உரிமைக்கு வெளியே தள்ளப்பட்டது. அப்பருவத்தினர்க்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அரசு வேண்டிய ஏற்பாடுகளைச் 'செய்யலாம்' என்று கூறி முடிக்கின்றது. 'செய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தால் ஒரு தாய் வழக்குமன்றம் ஏறிக் கேட்கலாம். 'செய்யலாம்' என்று எழுதியமையால் செய்யாமலும் இருக்கலாம். ஒரு விகுதியை மாற்றிக் கோடிக்கணக்கான மழலைகளின் உரிமையைத் தின்றுவிட்டனர்.

தாழ்த்தும் காலத்திற்கு விலை உண்டு. 2004 சூலை 16-இல் குடந்தையில் ஒரு தனியார் பள்ளியில் தீப்பற்றி 94 பிஞ்சுகள் கரிந்து மாண்டன. கீற்றுக் கூரையும் குறுகிய படியும் அப்பிள்ளைகளைக் கொன்றன. பள்ளிக் கட்டடம் எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் விதிகள் அதற்கு முன்னரும் இருந்தன. அவற்றைப் பார்வையிட வேண்டியவர்களும் இருந்தனர். 94 பிள்ளைகள் வெந்த பின்னரே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பெற்றன. பிணம் விழுந்த பின் விழிக்கும் சட்டம், பிள்ளைகளின் பொருட்டு விழித்த சட்டம் ஆகாது.

சென்னையும் தன் கையைப் பார்க்கட்டும்

தில்லியைக் கடிந்துரைப்பதோடு தமிழ்நாட்டு ஆட்சியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. 2015-16-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளுள் குருதிச் சோகை உற்றார் நூற்றுக்கு 50.7 பேர். 2019-21-இல் அது 57.4 ஆக ஏறியது. கருவுறும் அகவைப் பெண்டிருள்ளும் பாதிக்கு மேற்பட்டார் சோகையினர். சோகையுற்ற தாய் வயிற்றில் சோகையுற்ற பிள்ளை பிறக்கின்றது. ஒன்றியத்தோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு முன்னே நிற்கின்றது என்று மார்தட்டலாம். நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் வெளிறிக் கிடக்கும் வீட்டில் மார்தட்டுவதற்கு என்ன இருக்கின்றது?

மதுக்கடைகளைத் தானே நடத்தும் அரசு இது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்ட பின்னர், ஆட்சிகள் மாறியும் கடைகள் மூடவில்லை. 2023-24-இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி உருபாவிற்கு மேல். அவ்வாண்டில் காலை உணவுத் திட்டத்திற்கு ஒதுக்கியது 500 கோடி. மாலையில் தந்தையின் கூலியைக் கடை வழியே வாங்கிக்கொண்டு, அதில் நூற்றில் ஒரு பங்கைக் காலையில் பிள்ளைக்கு உப்புமாவாகத் தருகின்றது அரசு. உப்புமா தருவது நன்று. அதனை எவரும் குறை கூறார். ஆயினும் அப்பிள்ளையின் இரவுச் சோற்றைப் பறித்தது யார் என்னும் கேள்விக்கு விடை வேண்டும்.

குழந்தை நல நடுவங்களில் பணிபுரியும் தாய்மாரின் நிலையோ இரங்கத்தக்கது. எடை பார்த்தல், உணவு சமைத்தல், பாட்டும் கதையும் கற்பித்தல், தடுப்பூசிக்கு அழைத்தல், வீடு வீடாய்க் கணக்கெடுத்தல் என அவர்தம் பணி விடியல் முதல் பொழுது சாயும்வரை நீள்கின்றது. 2018 அக்தோபர் முதல் தில்லி வரையறுத்த தொகை பணியாளர்க்குத் திங்களுக்கு 4,500 உருபா. உதவியாளர்க்கு 2,250 உருபா. அதற்குப் பெயர் ஊதியம்கூட இல்லை, 'மதிப்பூதியம்'. மதிப்பும் இல்லாத, ஊதியமும் இல்லாத ஒன்றிற்கு இப்படி ஒரு பெயர்! மாநில அரசு கூட்டித் தந்தும் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடவே வேண்டியிருக்கின்றது. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்சநய மன்றம் 2022 ஏப்பிரலில் தீர்ப்புரைத்தது. ஒரு நாட்டின் மூளை உருவாகும் இடத்தில் நிற்பவர்க்கு, அந்நாட்டின் அலுவலக வாயிற்காவலர்க்குத் தரும் ஊதியம்கூடக் கிடையாது.

மொழியிலும் இதே நிலைதான். குழந்தையின் நலம் என்பது சோறும் மருந்தும் மட்டும் அன்று. தாய் பேசிய மொழியில் எண்ணவும் கேட்கவும் உள்ள உரிமையும் நலமே. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கின்றது. தமிழ்நாட்டு அரசோ 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகளைத் திறந்துவிட்டது. 2019 சனவரியில் 2,381 குழந்தை நல நடுவங்களில் 'எல். கே. சி., யு. கே. சி.' வகுப்புகளையும் தொடங்கியது. அம்மா என்றும் நிலா என்றும் வாய்நிறைய அழைக்க வேண்டிய மூன்று அகவைக் குழந்தை, பொருளறியாத ஒலிகளைக் கிளிபோல் ஒப்பிக்கின்றது. புரியாத மொழியில் புகட்டுங்கால் குழந்தை முதலில் இழப்பது கேள்வி கேட்கும் துணிவை. தில்லியின் இந்தித் திணிப்பை எதிர்க்கும் நா, சென்னையின் ஆங்கிலத் திணிப்பைக் கண்டு வாளாவிருத்தல் தகுமோ?

சட்டமன்றத்தார் செய்யத் தக்கன

குறை கூறுதல் எளிது. வழி கூறுக என்பார்க்கு வழியும் உண்டு.

முதலாவது, ஒன்றிய, மாநில வரவு செலவுகளில் குழந்தைகளுக்கென ஒரு கீழெல்லைப் பங்கைச் சட்டத்தால் வரையறுக்க வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் அதனினும் குறைக்கலாகாது. ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழிந்தது எவ்வளவு என்று மாவட்டந்தோறும் கணக்கினை மக்கள்முன் வைக்க வேண்டும்.

இரண்டாவது, உணவுக்கான தொகை ஆள்வோரின் அருளை எதிர்நோக்கிக் கிடக்கலாகாது. அகவிலைப் படி விலைவாசியோடு ஏறுவதுபோல், பிள்ளையின் பருப்பிற்கும் முட்டைக்கும் உரிய தொகையும் ஆண்டுதோறும் தானே ஏற வேண்டும்.

மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் 'செய்யலாம்' என்பதனைச் 'செய்ய வேண்டும்' என்று திருத்த வேண்டும். தமிழ்நாட்டினின்று தில்லி செல்லும் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி இதனை எழுப்புதல் கடன்.

நான்காவது, குழந்தை நல நடுவத்துப் பணியாளரையும் உதவியாளரையும் முழு ஊதியமும் ஓய்வூதியமும் உடைய அரசுப் பணியாளராக ஏற்க வேண்டும்.

ஐந்தாவது, கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வரவேண்டும்; கல்வித் தீர்வை அதனைச் செலுத்தும் மாநிலங்களுக்கே பங்கிடப்பெற வேண்டும்; ஒரு திட்டத்தின் பணத்தை மற்றொரு திட்டத்தின் கையெழுத்திற்காக நிறுத்துவது சட்டத்தால் தடுக்கப்பெற வேண்டும்.

ஆறாவது, தமிழ்நாட்டில் எட்டு அகவை வரையிலான கல்வி முழுமையும் தமிழ் வழியிலேயே நடைபெற வேண்டும். பிறமொழி பேசும் பிள்ளைகட்கு அவர்தம் தாய்மொழியில் தருக. ஆங்கிலத்தைப் பின்னர் ஒரு பாடமாகச் செவ்வையாகக் கற்பிக்கலாம்.

இவையெல்லாவற்றிற்கும் முன்னர், 234 சட்டமன்ற உறுப்பினர்களும் ஒன்று செய்யட்டும். திங்களுக்கு ஒரு நாள், முன்னறிவிப்பின்றி, மாலையும் மேளமும் இன்றித் தம் தொகுதியில் ஒரு குழந்தை நல நடுவத்திற்குச் செல்லட்டும். அங்குள்ள மழலைகளோடு தரையில் அமர்ந்து, அவ்வெட்டு உருபா உணவினை உண்ணட்டும். கூரை ஒழுகுகின்றதா என்று அண்ணாந்து பார்க்கட்டும். கழிப்பிடத்தில் தண்ணீர் வருகின்றதா என்று திறந்து பார்க்கட்டும். எடைக் குறிப்பேட்டைப் புரட்டட்டும். அதன்பின் மன்றத்திற்கு வந்து பேசட்டும். ஆண்டில் ஒரு நாளேனும் வேறெந்தப் பொருளும் இன்றிக் குழந்தைகளைப் பற்றி மட்டுமே மன்றம் கலந்துரையாடட்டும்.

தமிழ்ப்பற்றாளரும் இதில் ஒதுங்கி நிற்றல் கூடாது. மொழியைக் காப்பது ஏட்டில் மட்டும் நடைபெறும் பணி அன்று. தமிழ் நாளை வாழ வேண்டிய இடம் இன்றைய குழந்தையின் நாக்கு. அந்நாக்கு பசியால் வறண்டு கிடக்குமாயின் அதில் எந்தப் பாட்டும் ஊறாது. ஆகவே ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள், தத்தம் ஊர்க் குழந்தை நல நடுவத்தையும் தொடக்கப் பள்ளியையும் தம் பொறுப்பில் உள்ளனவாகக் கருதிக் கண்காணித்தல் வேண்டும். குறைகளை எழுதி உறுப்பினர் கையில் சேர்த்தல் வேண்டும். விடை வரும்வரை விடாது கேட்டல் வேண்டும்.

குழந்தைக்கு வாக்கில்லை, தாய்க்கு உண்டு, தந்தைக்கு உண்டு, ஆசிரியர்க்கு உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோர் குழந்தையைத் தூக்கி முத்தமிட முனையும்போது, தாய் அவரிடம் ஒன்று கேட்கட்டும்: "இப்பிள்ளையின் உணவுக்கு நாளொன்றுக்கு எத்துணை உருபா ஒதுக்கினீர்?" விடை தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுக்க வேண்டா, வாக்கையும் கொடுக்க வேண்டா!